இடுப்பு வரை மெருகு போட்ட பெண்: ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு இரண்டு பயணங்கள்

போன மாதம் என் பேத்தி இந்தப் பக்கத்தில் கொல்லிமலைப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் படித்த ஒருவர், ராசிபுரம் பக்கத்துக் கோயில் வாசல்களில் மண்ணால் செய்த குழந்தை, கால், மாடு எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்க எப்படிப் போவது என்று கேட்டிருந்தார். அதற்கு இன்னொருவர், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பேசாமல் மலைக்குப் போங்கள் என்று பதில் போட்டிருந்தார். அந்த இரண்டாவது ஆளின் பெயரைப் பேத்தியிடம் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். நான் ஒரு பெயரை வைத்துக்கொண்டால் அது போகாது. அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது இரண்டு பயணம். முதலாவது எழுபத்தொன்பதாம் வருடம், மே மாதம். இரண்டாவது அதற்கு ஐந்து வருடம் கழித்து. இரண்டும் ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு. இருபத்தெட்டு கிலோமீட்டர் சொச்சம். இதெல்லாம் ஒரு பயணமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர யாரும் பஸ் ஏறியதில்லை.

எங்கள் ஊர் ராசிபுரத்திலிருந்து மூன்று மைல். வீட்டில் இரண்டு பட்டுத்தறி. ஒன்றில் எங்கள் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓட வேண்டுமென்றால் அதற்குள் நூல் சுற்றிய சிறு குழல் வேண்டும். அதற்குத் தார் என்று பெயர். ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுவது எல்லா வீட்டிலும் பெண்பிள்ளைகள் வேலை. நான் மூன்றாம் வகுப்பில் நின்றதும் அதற்காகத்தான். என் மகள் சாந்தி அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாவது என்றால் ராசிபுரம் போக வேண்டும். என் மாமியார் சந்தையிலிருந்து சின்ன ராட்டை ஒன்று வாங்கி வந்து, சாந்தி உட்காரும் உயரத்துக்குப் பலகையும் போட்டு வைத்துவிட்டார். அவளை அனுப்புங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு முறையும் அம்மாவைப் பார்த்தார். அம்மா ராட்டையைப் பார்த்தார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மாசியில்தான் ஹேமா என்கிற பெண் எங்கள் ஊருக்கு வந்தாள். மெட்ராஸில் பீங்கான் வேலை படித்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். ராசிபுரத்தில் அவள் சித்தி வீடு. அங்கே தங்கி, வாடகை சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் ஒரே கேள்வி கேட்பாள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எங்கே உட்கார்ந்தீர்கள்?

அதுவரை என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டு வைத்திருந்த பிள்ளைகளுக்குப் பெஞ்சு. இல்லாத எங்களுக்குத் தரையும் மணலும். மணலில் எழுதுவோம். காற்று வந்தால் பாடம் போய்விடும். கதவுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாக, தண்ணீர்ப் பானைக்கு நேர் கீழே நான். பெஞ்சுப் பிள்ளைகள் முதலில் குடிப்பார்கள். சிந்துகிற தண்ணீரெல்லாம் என் பாவாடையில். ஈரப் பாவாடையோடு எழுந்து நின்றதற்கு வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் ஆகிறது. என் கணக்கில் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

என் மாமியாரிடமும் ஹேமா அதையே கேட்டாள். அவர் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, ஆடு மேய்க்கும்போது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை என்றார். ஹேமா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, சாந்தியை ஒருநாள் உட்காரவைத்து மண்ணில் செய்துகொள்ளலாமா என்று கேட்டாள். எங்கள் ஏரியிலேயே மண் எடுத்தாள். நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் சாந்தியை உட்காரவைத்து, மடியில் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து, அரைநாள் செய்தாள். பார்த்தால் சாந்திதான். எண்ணெய் தடவாத அந்தச் சுருட்டை முடி உட்பட.

இங்கேதான் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு குழந்தையை மண்ணில் செய்தால் அது ஒரே காரணத்துக்குத்தான். பிள்ளை வேண்டும் என்றோ, பிள்ளைக்குக் காய்ச்சல் தீர வேண்டும் என்றோ சாமிக்கு நேர்ந்துகொள்வோம். கால் வலிக்குக் கால் செய்து வைப்போம், மாட்டுக்கு மாடு. அதற்கு உருவாரம் என்று பெயர். சூளையில் சுட்டு, மாலை போட்டு, வீட்டுப் பெரியவர்கள் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் அது சாமியுடையது. அதன் பிறகு நேர்த்தியை நடுவில் விட முடியாது. மூளியாகவோ குறையாகவோ இருக்கிற உருவாரத்தைக் கோயிலில் வைக்கவும் கூடாது.

ஆகவே சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து மண்டபத்தில், கோடை விடுமுறையில் மூன்று நாள் தன்னுடைய மண்பிள்ளைகளை வைக்கப்போவதாக ஹேமா சொல்லி அனுப்பியபோது, என் மாமியாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது பிள்ளைகளாம். பாவம், அந்த அம்மணிக்குக் கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் என்ன கஷ்டமோ, நாற்பது பிள்ளைக்கு நேர்ந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நம் பிள்ளையையும் அதில் சேர்த்திருப்பதால் நாம் போய் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் இருந்தால் நல்லதல்ல என்றார். எங்கள் வீட்டுக்காரர், அம்மா, அது கண்காட்சி என்று ஆரம்பித்தார். கண்காட்சியோ என்னவோ, புள்ளைங்க புள்ளைங்கதானே என்று மாமியார் மகன் வாயை அடைத்துவிட்டார். என்னையும் செய்திருக்கிறாளாம். எனக்கு என் இடத்தைப் பார்க்க வேண்டும், பானை சரியான இடத்தில் இருக்கிறதா என்று. சாந்திக்குப் பஸ். எங்கள் வீட்டுக்காரருக்குச் சாயங்காலம் சினிமா. இப்படி ஆளுக்கொரு காரணத்தோடு நான்கு பேர் கிளம்பினோம்.

விடிவதற்குள் கிளம்பி ராசிபுரம் வரை நடந்தோம். மே மாதத்தில் வருகிறவர்கள் இதை மட்டும் கேளுங்கள்: வெயில் ஏறுவதற்கு முன்னால் நடக்கிறதை நடந்துவிடுங்கள். கிழக்கே போதமலை நீலமாகத் தெரியும். வெளிச்சம் வர வர அது பச்சையாகும். மாமியார் கையில் மூடி போட்ட பித்தளைச் சொம்பு, அதில் மஞ்சள் தண்ணீர். என் தலையில் தேங்காய், அரளி மாலை, கட்டுச்சோறு. ராசிபுரம் பஸ் நிலையத்தில் டீ குடித்தோம். டீக்கடைக்காரர் ஆண்களுக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பாதி டம்ளர் ஊற்றினார். அந்தக் கடை இப்போது இல்லை. நல்லது.

டிக்கெட் ஆளுக்கு இரண்டு ரூபாய்க்குள்தான், சாந்திக்கு அரை டிக்கெட். கண்டக்டர் சொம்பைக் கீழே வைக்கச் சொன்னார். மாமியார் மஞ்சள் தண்ணீரைக் கால்மாட்டில் வைக்க மாட்டேன் என்றார். அப்படியானால் அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார் அவர். பேச்சு நீண்டுகொண்டிருந்தபோதே ஆண்டகளூர் கேட்டில் பஸ் பெரிய சாலைக்குத் திரும்பியது. மூடி தெறித்தது. கால்வாசித் தண்ணீர் கண்டக்டரின் காக்கிச் சட்டையில். பஸ்ஸே சிரித்தது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "சாமி, உனக்கு இந்த வருசம் ஒரு குறையும் வராது போ" என்றார். அந்த மனிதர் லக்கேஜ் கேட்கவில்லை. முறைக்கவும் இல்லை. தன் சட்டையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மல்லூரைத் தாண்டினால் சேலம் தெரிய ஆரம்பிக்கும் என்பார்கள். முதலில் தெரிவது ஜருகுமலைதான். சாந்தி சன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள். டயர் கடை, ஜவுளிக் கடை, லாரி பட்டறை, பல் வைத்தியர். அவள் வாசிக்க வாசிக்க மாமியார், அது என்ன கடை, இது என்ன கடை என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு பலகை வேகமாகப் போய்விட்டது. அதை ஏன் விட்டாய் என்று அவளைக் கோபித்துக்கொண்டார். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இறங்கியது இன்று பழைய பேருந்து நிலையம் என்கிறார்களே, அங்கே. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு நடந்து போனோம். பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பளபளப்புதான். ஊறுகாய் ஜாடியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெருகு இருக்குமே, அந்த மெருகு பூசிய பிள்ளைகள் முன்வரிசைப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பால் வெள்ளை. தலைமுடி வரை மெருகு. அவர்களுக்குப் பின்னால் தரையில், வெறும் சுட்ட மண்ணாகச் செம்மண் நிறத்தில் மற்றப் பிள்ளைகள். ஒவ்வொருவரும் இரண்டு சாண் உயரம் இருக்கும். சிலருக்கு முழங்கால் வரை மெருகு, சிலருக்குத் தோள் வரை, சிலருக்குப் பாதத்தில் மட்டும்.

ஹேமா ஓடி வந்தாள். அவள்தான் சொன்னாள். பத்தாவது முடித்தவர்களுக்கு உச்சி வரை மெருகு. அதற்குக் கீழே யார் எந்த வகுப்பில் நின்றார்களோ அந்த அளவுக்கு மட்டும். மெருகு இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், இல்லாத இடம் எல்லாவற்றையும் குடித்துக்கொள்ளும் என்றாள். யார் மேல் எது ஒட்டும், யார் மேல் எது ஒட்டாது என்பதைத்தான் செய்து பார்த்தேன் என்றாள். எனக்கு அது அப்போதே புரிந்தது. பாவாடை நனைந்தவளுக்குப் புரியாதா?

என்னைத் தேடினேன். கதவுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆள். முழங்காலுக்குக் கீழேயே மெருகு நின்றுவிட்டது. தலைக்கு நேர் மேலே ஒரு மரமுக்காலியில் பானை. பானை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு கீழே விழப் போகிற மாதிரி மண்ணிலேயே செய்து தொங்கவிட்டிருந்தாள். நான் சொன்னதில் ஒன்றுகூட மாறவில்லை. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. என்னை அங்கே உட்காரவைத்ததை ஊரே பார்க்கும்படி ஆயிற்றே! பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், இதில் சிரிக்க என்னம்மா இருக்கிறது, இது வறுமையைப் பற்றியது என்றார். அவரையும் மறக்கவில்லை.

அதற்குள் மாமியார் சாந்தியின் உருவத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில், கவிழ்த்த மரக்காலின்மேல் உட்கார்ந்திருந்தாள் மண்சாந்தி. இடுப்பு வரை வெள்ளை மெருகு. அதற்கு மேல் வெறும் மண். மாமியார் அரளி மாலையை அதன் கழுத்தில் போட்டார். சொம்பைத் திறந்து, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லி, மூன்று கை மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வெள்ளைச் சட்டைக்காரர் ஓடி வந்தார். தொடக்கூடாது, தொடக்கூடாது என்றார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொடாம எப்பிடிங்க சாமி சேர்த்தறது? நீங்க போயி அக்கட்டால நில்லுங்க" என்றார். ஹேமா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அவள் கண் மண்சாந்தியின் மேல் இருந்தது. இடுப்புக்குக் கீழே விழுந்த மஞ்சள் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரைக்குப் போனது. மேலே விழுந்ததை மண் அப்படியே குடித்துக்கொண்டது. கன்னம், தோள், புத்தகம் பிடித்த கை எல்லாம் மஞ்சளாயிற்று. முதல் மழை விழுந்தால் எங்கள் ஏரியில் வருமே, அந்த வாசனை மண்டபம் முழுக்க வந்தது.

பார்க்க வந்திருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருத்தி, என் தங்கச்சி மாதிரி ஒன்று அந்த மூலையில் இருக்கிறது, அதற்கும் தெளியுங்கள் பெரியம்மா என்றாள். மாமியார் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. தரையில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் தெளித்துக்கொண்டே போனார். எனக்கும் ஒரு கை விழுந்தது. பெஞ்சுப் பிள்ளைகளுக்கும் தெளித்தார். அது ஓடிவிட்டது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள் ஒரு கிழவி. எங்கள் வீட்டுக்காரர்கூடச் சினிமாவை மறந்துவிட்டுச் சொம்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

ஒரு சுற்று முடித்துவிட்டு மாமியார் திரும்ப மண்சாந்தியிடம் வந்து நின்றார். இப்போதுதான் மெருகு நின்ற இடத்தைக் கவனித்தார் போல. விரலால் இடுப்பைத் தடவினார்.

"ஏம் அம்மணி, எம் பேத்திக்கு மேல்பாதி ஏன் இப்பிடிச் சொரசொரன்னு கெடக்குது? உன்ற மெருகு தீந்துபோச்சா?"

"தீரலைங்க பாட்டி. அஞ்சாவதோட நிறுத்தப்போறதா சொன்னீங்களே. அதனால அது வரைக்கும்தான் பூசினேன்."

"குறையா வெச்சா சாமிக்கு ஆவாது. நான் மஞ்சத்தண்ணி தெளிச்சுப்போட்டேன்."

"பத்தாவது முடிக்கட்டும். மீதியும் பூசி, மறுபடி சூளையில வெச்சுத் தரேன்."

"நடுவுல நின்னா?"

"நின்ன எடத்துலயே நிக்கும்."

எங்கள் வீட்டுக்காரர், அம்மா, இது உருவாரமே இல்லை, கோயிலுக்கு என்று செய்ததே இல்லை என்று விளக்க வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். எங்கள் முப்பது வருட வாழ்க்கையில் அவர் சரியான நேரத்தில் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

வெளியே வரும் வழியில் மண்டபத்தின் பக்கச் சுவரில் ஒரு சன்னல். கம்பியைப் பிடித்தபடி இரண்டு மண்கைகள். முகம் இல்லை, உடம்பு இல்லை. துளி மெருகு இல்லை. வலது மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். மாமியார் தன் கையைத் தூக்கி அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய தேளுக்கு ஒரு கால் குறையும். பச்சை குத்தியவள் பாதியில் எழுந்து போய்விட்டாளாம். மண்ணிலும் ஒரு கால் குறைவாகவே இருந்தது. "இது என்ற கையி" என்றார். சொம்பில் அடித்தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அதை அந்தக் கைகளின்மேல் ஊற்றிவிட்டு, முந்தானையால் துடைத்தார். ஊற்றியதைத் துடைப்பார்களா என்று சாந்தி கேட்டாள். மாமியார் சொம்பை மூடிக்கொண்டு நடந்தார்.

சினிமாவுக்கு யாரும் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் மாமியார் சன்னலோரம். சாந்தி பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தாள். மல்லூர் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாதிப் புள்ளைய ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்குச் சோறு எறங்காது. அவ ராசிபுரத்துக்குப் போவோணும். தாரை நான் சுத்தறேன்."

நான் சரிங்க அத்தை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

ஜூனில் சாந்தி ஆறாம் வகுப்புக்குப் போனாள். கண்காட்சி முடிந்ததும் ஹேமா மண்சாந்தியை வைக்கோலில் சுற்றி அனுப்பிவைத்தாள். குறை இருப்பதால் கோயிலில் வைக்க முடியாது. ஐந்து வருடம் என் தறிக்குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முழுப்பரீட்சைக்குப் பிறகும் மாமியார் அவள்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். ஏழாவதில் வயிற்றில். எட்டாவதில் நெஞ்சில். ஒன்பதாவதில் சாந்தி கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள் என்று தெரிந்த அன்று, மாமியார் நிஜச் சாந்தியை ஒன்றும் சொல்லாமல் மண்சாந்தியிடம் போய், "கழுத்துகிட்ட வந்து நிக்கறயேடி" என்று திட்டினார். மறுபரீட்சை எழுதி ஏறிவிட்டாள். இந்த ஐந்து வருடமும் அந்தச் சின்ன ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றியது மாமியார்தான். கண் சரியில்லை. நூல் சிக்கும். என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும்.

பத்தாவது தேறினாள். இரண்டாவது பயணம் அந்த ஆனியில்.

மண்ணில் செய்ததைப் பஸ்ஸில் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கு என் அனுபவம் உதவும். மேலே சாமான் தட்டில் வைக்காதீர்கள். கடைசி இருக்கை வேண்டவே வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். வைக்கோல் சுற்றி, அதன்மேல் பழைய வேட்டி சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் அப்படித்தான் வைத்திருந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்டக்டர் புதுப் பையன். நிஜக் குழந்தை என்று நினைத்தானோ, கேலிக்குத்தான் கேட்டானோ, இதுக்கு அரை டிக்கெட் போடட்டுங்களா பாட்டி என்றான்.

"பத்தாவது பாசு பண்ணிப்போட்டா. முழு டிக்கெட்டே கிழி" என்றார் மாமியார்.

அவன் கிழிக்கவில்லை. பக்கத்தில் நின்று வந்த நிஜச் சாந்திதான் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

சேலத்தில் இறங்கி, ஊருக்கு வெளியே வெள்ளைக்கல் வெட்டும் பக்கத்தில் இருந்த ஒரு ஜாடிக் கம்பெனிக்கு டவுன் பஸ்ஸில் போனோம். ஹேமா அங்கேதான் சூளைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி, கையில் ஒரு குழந்தை. மாமியார் அந்தக் குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, நாற்பதில் ஒன்று வந்துவிட்டது, மீதி மெதுவாக வரட்டும் என்றார். அது அப்படி இல்லை பாட்டி என்று ஹேமா சொல்லப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். இத்தனை வருடம் கழித்து எதற்கு?

இரண்டாவது முறை சூளை ஏறுகிற மண் வெடித்தாலும் வெடிக்கும் என்று அங்கே இருந்தவர்கள் எச்சரித்தார்கள். வெள்ளை மெருகும் அன்று அவர்களிடம் இல்லை. ஊறுகாய் ஜாடிக்குப் பூசுகிற பழுப்பு மெருகுதான் இருந்தது. மாமியார் யோசிக்கவே இல்லை, பூசு என்றார். ஹேமா இடுப்பிலிருந்து உச்சி வரை பூசினாள். மஞ்சளும் குங்குமப் பொட்டுகளும் மெருகுக்கு அடியில் போயின. சுட்டு, ஆறி, எடுக்க நான்கு நாள் ஆகும் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரரை அனுப்பலாம் என்றேன். மாமியார் தானே போனார், தனியாக, அந்த வயதில். போய், மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வெடிக்கவில்லை.

இப்போது வழி. சேலம், நாமக்கல் இரண்டு பக்கத்திலிருந்தும் ராசிபுரத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பழைய நிலையத்தில் ஏறுவதா புதிய நிலையத்தில் ஏறுவதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வருகிற வழியில் சேலத்தில் தட்டுவடை செட்டு சாப்பிடுங்கள். காரச் சட்னி தனியாகக் கேளுங்கள். உருவாரம் வைத்த கோயில்கள் பெரிய சாலையில் இருக்காது. ராசிபுரத்திலிருந்து எந்தப் பக்கம் ஒரு நாலைந்து கிலோமீட்டர் போனாலும் வேப்பமரத்தடியில் ஒன்றாவது இருக்கும். ஆடி, தை நல்ல மாதம். செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். உடைந்து கிடப்பதை எடுத்துப் போகாதீர்கள், அது யாரோ ஒருவருடைய கால்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தால், மண்குதிரைகளுக்குப் பக்கத்தில் கவிழ்த்த மரக்காலின்மேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்ப்பீர்கள். மடியில் புத்தகம். நாற்பது மழை பார்த்துவிட்டாள், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. அவளுக்கு இரண்டு பக்கமும் இன்னும் சில புத்தகப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த வருடமே ஊரில் இன்னொரு வீட்டில் கேட்டுச் செய்துவைத்தார்கள். பிறகு கேட்கக் கேட்கக் குயவர் செய்துகொண்டே இருந்தார். சாந்தி நர்சாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டாள். இந்தப் பக்கத்தை எழுதுகிற பேத்தி அவள் மகள்தான்.

கோயிலில் வைத்த அன்று பூசாரி மண்சாந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே பால் வெள்ளை, மேலே ஜாடிப் பழுப்பு. இரண்டும் சேருகிற இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு. இது என்ன, ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கிறதே, குறை இல்லையே என்று கேட்டார்.

மாமியார் அந்தக் கோட்டை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். "குறையில்லீங்க. இதோட நிறுத்தோணும்னு ஊட்டுல ஒரு கெழவி இருந்தா. அது தெரியட்டும்" என்றார்.